நான் ஏறினால் நின்றுபோகும் சத்தம்

ஜூன் 2, திங்கள்

டயர் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி ஃப்ரிட்ஜ் மேல் தூசியோடு கிடந்தது. இன்றைக்கு அதை எடுத்ததற்குக் காரணம் கோபம்தான். வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும். இதில் கொட்டினால் யாரும் பதில் பேசமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட்டில் மைமூனை ஃபெயிலாக்கிவிட்டார்கள். என்னிடம் படிக்கிறவள் ஃபெயில். இந்த ஆலங்குளத்தில் பெண்களுக்கென்று தனியாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் நான் ஒருத்திதான். புஷ்பம் டிரைவிங் ஸ்கூல் என்றால் குறும்பலாப்பேரி வரைக்கும் தெரியும். நான் பக்கத்தில் இருக்கும்வரை எந்த மாணவியும் நடுரோட்டில் வண்டியை ஆஃப் ஆக்கியது கிடையாது. அப்படியிருக்க மைதானத்தில் மைமூன் வண்டியை எடுத்த எடுப்பிலேயே ஆஃப் ஆக்கினாள். திரும்ப ஸ்டார்ட் செய்தாள், திரும்ப ஆஃப்.

எல்லாம் அந்தப் புது பிரேக் இன்ஸ்பெக்டரால் வந்தது. பழையவர் பின்சீட்டில் உட்கார்ந்து, "நீங்க முன்னாடி இருங்கம்மா" என்று என்னை இடதுபக்கத்தில் உட்காரச் சொல்வார். புதியவர் என்னை இறக்கிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறார். அவர் வந்ததிலிருந்து என் பிள்ளைகள் வரிசையாக ஃபெயில். பெண்கள் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. போகும்போது ஒரு குத்தல் வேறு: "வண்டியில ஏதோ தட்டுது, பாருங்கம்மா."

என் வண்டியில் ஒன்றும் தட்டவில்லை. தினமும் நான் அதில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

மறுபடி டெஸ்ட் 24ஆம் தேதி.

ஜூன் 3, செவ்வாய்

காலையில் வண்டியை எடுக்கும்போது கேட்டைத் திறந்துவிட்ட என் வீட்டுக்காரர் முன்னால் நின்றுகொண்டு, "ஏட்டி, எஞ்சின்ல டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. இப்ப நின்னுட்டு" என்றார்.

"உங்க பஸ்ஸுக்குள்ள கேக்காத சத்தமா?" என்றேன். அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விசில் ஊதி ஊதி அவர் காதுக்குள் என்னென்னவோ கேட்கும்.

"நான் சொன்னதச் சொன்னேன்" என்று கேட்டைச் சாத்திவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார்.

ஜூன் 4, புதன்

பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற அண்ணாச்சி பானெட்டைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்காத மாதிரி கிளம்பிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

கேட்டுவிட்டேன்.

மைமூனுக்கு வகுப்பு. ரோட்டோரம் நிறுத்தச் சொல்லி, இளநீர் வாங்க இறங்கினேன். எப்போதும் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவேன். பெட்ரோல் என்ன தண்ணீரா? இன்று மறந்துவிட்டேன். இளநீர்க்காரர் சீவ ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்தது. டொக், டொக், டொக். இரும்பை இரும்பு தட்டுகிற சத்தம்.

"இதத்தான் நானும் டெஸ்ட் அன்னைக்கே கேட்டுட்டு சொல்லணும்னு இருந்தேன்க்கா" என்றாள் மைமூன்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கோவப்படுவியளே."

நான் எதற்குக் கோபப்படப் போகிறேன்? நல்ல பிள்ளை.

நேரே அருள்ராஜ் ஒர்க்‌ஷாப். நீளமான ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "பேரிங் போயிட்டுக்கா. எஞ்சின இறக்கணும். ஒரு மாசம் ஆவும். இந்த வண்டிக்கு அது வேண்டாத வேலை. வந்த விலைக்குத் தள்ளிட்டு வேற பாருங்க."

"எந்த பேரிங்?"

"இறக்குனாத்தான் தெரியும்."

"தெரியாம எதுக்கு இறக்கணும்? வயித்து வலின்னு வாரவளுக்கு எதுன்னு பாக்காம எல்லாத்தையும் அறுத்துப் போடுவியா?"

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்குத் தர வேண்டும், நானும் கூட நிற்பேன் என்றேன். தலையைச் சொறிந்தான், சரி என்றான். அவன் தங்கைக்கு டிரைவிங் சொல்லிக் கொடுத்தது நான்தான், வேறென்ன சொல்வான்?

ஜூன் 6, வெள்ளி

முதல் வேலை ஆயில். அளவு சரியாக இருந்தது, ஆனாலும் புது ஆயில் ஊற்றினோம். சத்தம் அப்படியே.

அடுத்து பிளக் ஒயர். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது. எந்த சிலிண்டரின் பேரிங் போயிருக்கிறதோ, அதன் ஒயரைப் பிடுங்கினால் தட்டுவது குறையும். அருள்ராஜ் இதை வேண்டாவெறுப்பாகச் செய்தான். முதலாவது ஒயர், சத்தம் குறையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, கடைசி, எதிலும் குறையவில்லை.

"அப்ப நீ சொன்ன பேரிங் இல்ல" என்றேன்.

"இல்லதான்" என்றான். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. வண்டியைத் தள்ளிவிடச் சொல்லி இன்று பேசவில்லை.

ஜூன் 7, சனி

பக்ரீத். மைமூன் தூக்குச்சட்டியில் கறியும் நெய்ச்சோறும் கொண்டுவந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் புருஷன் காஜா தண்ணீர் கேன் போடுகிறவர். மாசியில் பைக்கிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டிலில் கிடக்கிறார். கேன் ஏற்றிப் போகிற குட்டியானை வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் இந்த மாதக் கடைசியோடு கேரளாவுக்குப் போகிறார். வேறு ஆள் கிடைக்கவில்லை. கேன் ஒரு வாரம் போகாவிட்டால் கடைக்காரர்களெல்லாம் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவார்கள்.

"ஜூலை ஒண்ணாந் தேதி நான் அந்த வண்டியில ஏறணும்க்கா. இல்லன்னா அவிய வண்டியையும் கேன் போடுத லைனையும் சேத்து வித்துருவேன்னுட்டாவ. பொறவு நாங்க கையக் கட்டிட்டு உக்கார வேண்டியதுதான்."

24ஆம் தேதி டெஸ்ட்டுக்கு என் வண்டியைத்தான் கொண்டுபோயாக வேண்டும். அதை விட்டால் அடுத்த தேதி ஜூலை பாதியில்.

"நீ ஏறுவ" என்றேன். நெய்ச்சோறு நன்றாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 9, திங்கள்

எஞ்சின் உட்கார்ந்திருக்கும் ரப்பர்களை மாற்றினோம். இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தோம். அதுவும் இல்லை. சைலன்ஸர் எங்காவது அடியில் முட்டுகிறதா என்று நானே கீழே படுத்துப் பார்த்தேன். சாரல் பெய்து தரை முழுக்கச் சேறு. எழுந்தபோது முதுகெல்லாம் சேறும் கிரீஸும். இந்தக் கோலத்தோடு பஜார் வழியாக வந்தேன், யாரும் என்னவென்று கேட்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

இது நியாயமே இல்லை.

அருள்ராஜ் வண்டியை ஓட்ட, நான் வழக்கம்போல இடதுபக்கம் உட்கார்ந்து தென்காசி ரோட்டில் போனோம். சத்தம் இல்லை. முக்குக்கு முக்கு நிறுத்திக் கேட்டோம். வண்டி சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி அமைதியாக இருந்தது.

"சரியாயிட்டுக்கா!" என்றான் அவன்.

இறங்கினேன். டொக், டொக், டொக்.

ஏறினேன். நின்றுவிட்டது.

மறுபடி இறங்கினேன். அருள்ராஜ் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "உன்னக் கண்டு மனுசன்தான் வாயத் திறக்க மாட்டான்னு நெனச்சேன். எஞ்சினுமா?"

அவருக்கு ஒரு தோசை குறைத்தேன்.

ஜூன் 11, புதன்

யோசித்துப் பார்த்ததில் பாரம்தான் காரணம் என்று முடிவு செய்தேன். இடதுபக்கம் பாரம் ஏறும்போது ஏதோ ஒன்று அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. மைமூன் வீட்டிலிருந்து தண்ணீர் கேன்களை வாங்கி வந்து என் சீட்டில் அடுக்கினோம். என் எடை எவ்வளவு என்று அருள்ராஜ் கேட்டான். கேன் வை, நான் போதும் என்கிறபோது நிறுத்து என்றேன்.

அவன் வைத்தான், வைத்தான். "போதுமாக்கா?" "இன்னொண்ணு வை." மைமூன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சத்தம் நிற்கவில்லை. கேன்களை இறக்கிவிட்டு அருள்ராஜையே உட்காரச் சொன்னேன். அவன் என்னைவிடக் கனம். சத்தம் நிற்கவில்லை. நான் உட்கார்ந்தேன். நின்றுவிட்டது.

ஆக பாரம் இல்லை, நான்தான். என்னிடம் அப்படி என்ன இருக்கிறது?

இன்னும் பதிமூன்று நாள். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஜூன் 12, வியாழன்

செருப்பு வார் அறுந்ததில் கண்டுபிடித்தேன்.

வகுப்பு முடிந்து மைமூன் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினாள். எஞ்சின் ஓடுகிறது, நான் இடதுபக்கத்தில். இறங்கலாம் என்று பார்த்தால் இடது செருப்பு வார் பிய்ந்திருந்தது. காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாரைக் கோக்கப் பார்த்தேன். டொக், டொக், டொக்.

முதல் முறையாக, நான் உள்ளே இருக்கும்போது.

காலைக் கீழே வைத்தேன். நின்றது. தூக்கினேன். வந்தது. மைமூன் என்னைப் பார்த்தாள், நான் என் காலைப் பார்த்தேன். கால் போய் உட்கார்ந்திருந்த இடம் கிளச் பெடல். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் எங்கள் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும்.

அருள்ராஜைக் கூட்டிக்கொண்டு வந்தேன். என்னை ஏற்றி கிளச்சை மிதிக்கவும் விடவும் சொல்லிவிட்டு அவன் கீழே படுத்து டார்ச் அடித்தான். பிறகு, "யக்கா, கிராங்க் முன்னாடியும் பின்னாடியும் நடக்கு!" என்று கத்தினான்.

விஷயம் இதுதான். கிளச்சை மிதிக்கும்போது எஞ்சினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அதைத் தாங்கிக்கொள்ள அரைவட்டமாக இரண்டு வாஷர் உண்டு. எப்போதாவது மிதித்தால் ஒன்றுமில்லை. ஓயாமல் பெடலில் கால் இருந்தால் வாஷர் தேய்ந்து இடைவெளி விழுந்துவிடும். அந்த இடைவெளியில் தண்டு ஆடித் தட்டும். திரும்பக் கால் வைத்தால் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு சத்தம் நின்றுவிடும்.

"யாரோ கிளச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுதாவ" என்றான்.

"படிக்கிற பிள்ளைகள்தான். எத்தன தடவ சொன்னாலும் கால எடுக்க மாட்டாளுவ" என்றேன்.

அவன் எழுந்து வந்து டார்ச்சை டிரைவர் பக்கத்து கிளச் மேல் அடித்தான். ரப்பரில் வரிவரியான கோடுகள் புதுசு மாதிரி இருந்தன. டார்ச்சை என் பக்கம் திருப்பினான். என் கிளச்சில் ரப்பரே இல்லை, இரும்பு பளபளவென்று தெரிந்தது.

வண்டியை அவனிடம் விட்டுவிட்டு நடந்து வந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி

இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று முழுக்க ஒரு கேள்வி. படிக்கிற பிள்ளைகள் வண்டியை ஆஃப் ஆக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் கால் தானாகப் போகும். தெரியும். அதற்குத்தானே அந்தப் பெடல்? ஆனால் எத்தனை தடவை போகும்? போன கால் திரும்பி வருமா?

வீட்டுக்காரருக்கு இன்று ஓய்வு. அவரும் என்னிடம் இரண்டு வாரம் கார் ஓட்டப் படித்தவர்தான். பிறகு வேண்டாம் என்றுவிட்டார், முதுகு வலி என்று. வாழைக்காய் சீவிக்கொண்டே கேட்டேன்.

"நீங்க படிச்சப்ப என் காலு கிளச்சுல இருந்துச்சா?"

பேப்பரை மடித்து வைத்தார். "இருந்துச்சாவா? நான் மிதிக்கதுக்கு முன்னாடி என் காலுக்கடியில பெடலு தானா கீழ போவும். நான் விடுததுக்கு முன்னாடி அது மேல வந்துரும். பேய் ஓட்டுத வண்டி மாதி இருக்கும். நான் சும்மா வீல்ல கையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"அத அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நான் நல்லா ஓட்டுதேன்னு அம்புட்டு சந்தோசப்பட்ட. அதக் கெடுக்க மனசு வரல."

வாழைக்காயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனேன். வெட்கமாக இருந்தது. அவர் மேல் கோபமாகவும் இருந்தது, அதற்கு நியாயமில்லை என்று தெரிந்தும். அப்படியானால் மைமூனுக்கு இதுவரை நான் சொல்லிக் கொடுத்தது என்ன? அந்த இன்ஸ்பெக்டரைத் திட்டித் தீர்த்தேனே, அந்த மனிதர் செய்ததெல்லாம் பெடல் மேல் கால் வைக்காமல் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

ஜூன் 16, திங்கள்

அழுதுகொண்டிருக்க நேரமில்லை. அடிப்பக்கத்து ஆயில் சட்டியைக் கழற்றினோம். எஞ்சினை இறக்காமலே அந்த வாஷர்களை எடுக்கலாம். எடுத்துக் கையில் வைத்தான். ஒன்று கல்யாணப் பத்திரிகை அட்டை கனம்கூட இல்லை. கிராங்க் தண்டில் அது உரசுகிற இடமும் தேய்ந்திருந்தால் தண்டையே கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும், அப்புறம் 24ஆம் தேதியை மறந்துவிட வேண்டியதுதான். அருள்ராஜ் துணியால் துடைத்து விரலால் தடவிப் பார்த்தான். நானும் தடவிப் பார்த்தேன். வழவழப்பாக இருந்தது.

"தப்பிச்சோம்க்கா. இன்னும் ஒரு மாசம் ஓட்டிருந்தா தண்டு காலி."

திருநெல்வேலியில் சொல்லி வாஷர் வரவழைக்கிறான்.

ஜூன் 17, செவ்வாய்

பார்சல் வந்தது. வேறு எஞ்சினுக்கான வாஷர். கடைக்காரரிடம் போனில் நான் பேசியதை இதில் எழுத முடியாது.

ஜூன் 18, புதன்

பழைய வாஷரைப் பையில் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறினேன். திருநெல்வேலியில் கடை கடையாக ஏறி, வாஷரை மேஜை மேல் வைத்து "இதேதான் வேணும், இது மாதி இருக்கது வேண்டாம்" என்றேன். ஐந்தாவது கடையில் கிடைத்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்து, வாங்கி, சாப்பிடாமல் திரும்பினேன்.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் மாட்டி முடித்தான். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தான். நான் வெளியில் நின்றேன், உள்ளே உட்கார்ந்தேன், காலைத் தூக்கினேன், மடக்கினேன். எங்கேயும் சத்தம் இல்லை. அருள்ராஜ் கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தான்.

"இனிமே பெடல்ல கால வைக்காம பாத்துக்கிடுங்க."

"அது என்னால முடியாது" என்றேன். எத்தனையோ வருஷப் பழக்கம். நான் வேண்டாம் என்றாலும் கால் போகும். "என் பக்கத்து கிளச்சக் கழத்திரு."

"ரெண்டையுமா?"

"பிரேக் இருக்கட்டும். யாரையாவது இடிச்சிரக் கூடாதுல்லா. கிளச்ச மட்டும் கழத்து."

கழற்றி எடுத்ததை எனக்குக் காட்டினான். வீட்டுக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்றேன். அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, ரப்பர் வைத்து அடைத்துவிட்டான்.

ஜூன் 20, வெள்ளி

மோசமான நாள்.

மைமூன் ஏறினாள். "கிளப்பு" என்றேன். கிளப்பினாள். குலுங்கி ஆஃப் ஆயிற்று. மறுபடி ஆஃப். மறுபடி. மெயின் ரோட்டில் ஏறியதும் ஆஃப். பின்னால் பஸ், லாரி, ஷேர் ஆட்டோ, எல்லாம் சேர்ந்து ஹாரன். என் இடது கால் அந்த வெறும் இடத்தில் மிதித்துக்கொண்டே இருந்தது. ஒரு பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யம்மா, வீட்டுல போயி சோறு பொங்குங்க" என்றான். கதவைத் திறந்து இறங்கி, அவன் நம்பரைப் பார்த்து, உன் கண்டக்டர் யார் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் ஹாரனை விட்டுவிட்டான். ஆனால் மைமூன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள்.

ஓரமாக ஒதுக்கினோம்.

"நல்லாத்தானே ஓட்டிட்டு இருந்தேன். இப்ப ஏன்க்கா வர மாட்டேங்கு?"

சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. "நீ ஓட்டல. நான் ஓட்டுனேன். கிளச்சு முழுக்க என் காலுதான். அதக் கழத்திட்டேன்."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது, அது இன்னும் பயமாக இருந்தது.

"ரெண்டு மாசம். வீட்டுல அவியளத் தனியா விட்டுட்டு, மாமியாகிட்ட பேச்சு வாங்கிட்டு, தினமும் வந்தேன். நான் நல்லா ஓட்டுதேன்னு அவியகிட்ட போயி சொன்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும் உங்களுக்கு?"

இறங்கி நடந்து போய்விட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. வாழ்க்கையிலேயே இன்றைக்குத்தான் அப்படி.

ஜூன் 21, சனி

நான்கு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்கே போனேன். குட்டியானை வாசலில் நின்றது. கட்டிலில் இருந்த காஜா, "வாங்கக்கா" என்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மைமூன் கேன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "இன்னும் மூணு நாள் இருக்கு. கிளச்ச மட்டும்தான் நீ படிக்கணும். மத்ததெல்லாம் உனக்கு நல்லா வரும். வீலு நீதான் புடிச்ச, கண்ணாடி நீதான் பாத்த, அது என் கையில்ல. கிளச்சு மூணு நாள் வேலை. காலையிலயும் சாயங்காலமும் வாரேன். நீ வரலன்னாலும் வாசல்ல வண்டிய வச்சிட்டு நிப்பேன்."

மைமூன் அடுத்த கேனைக் கழுவ எடுத்தாள். கட்டிலிலிருந்து காஜா, "போயிட்டு வாயேன்" என்றார்.

"குளத்துக்குள்ள வச்சிச் சொல்லித் தாறியளா? ரோட்டுல வேண்டாம்" என்றாள் மைமூன், என்னைப் பார்க்காமல்.

தண்ணீர் இல்லாத குளம். காய்ந்த கரிசல் தரை. ஆக்ஸிலேட்டரைத் தொடவே கூடாது என்றேன். கிளச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். வண்டி நடுங்கும். நடுங்குகிற இடத்தில் காலை நிறுத்தினால், வண்டி தானாக நகர ஆரம்பிக்கும். நான் வண்டியை விட்டு இறங்கி வெளியில் நின்றுகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாய் சும்மா இருக்காது.

ஆஃப். ஆஃப். ஆஃப். பொழுது சாயும்போது வண்டி ஆமை மாதிரி நகர்ந்தது. ஆஃப் ஆகவில்லை. குளத்தை ஒரு சுற்று வந்தாள். அவள் முகம் கண்ணாடிக்குள் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, வெயில் கண்ணாடியில் பட்டு அடித்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. ஆண்டவரிடம் வீட்டுக்காரர் சொல்லிக்கொள்வார். காலையில் குளம், சாயங்காலம் கரை ஏற்றம். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பது. உருண்டது. பிரேக்கை நான் மிதித்தேன். "நீங்க மிதிக்காதிய" என்று கத்தினாள். என்னிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. சரி என்றேன்.

ஜூன் 23, திங்கள்

மெயின் ரோடு. அதே இடம், அதே ஹாரன். ஒரு தடவை ஆஃப் ஆயிற்று. பதறாமல் நியூட்ரல் போட்டு, ஸ்டார்ட் செய்து, எடுத்தாள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், அவள் அவனைக் கண்டுகொள்ளவே இல்லை.

எனக்கு ஒரு வேலையும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த ரோட்டோரம் ஒரு பல் ஆஸ்பத்திரி வந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் அதே மனிதர். கதவைத் திறந்து உட்கார்ந்தவர் கீழே பார்த்தார். "இந்தப் பக்கம் கிளச்சக் காணோம்?"

"கழட்டியாச்சு சார்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் மற்ற ஸ்கூல்காரர்களோடு நின்றேன். வண்டி எடுக்கும்போது ஆஃப் ஆகவில்லை. மைதானத்தைச் சுற்றி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் அந்தச் சின்ன மேடு. அங்கே நிறுத்தச் சொல்லி எடுக்கச் சொல்வார். நின்றது. குலுங்கியது. ஆஃப் ஆகிவிட்டது.

என் காலுக்கடியில் மண் குழிந்துவிட்டது. அப்படி மிதித்திருக்கிறேன். ஓடிப்போய்க் கதவைத் திறக்கலாமா என்று தோன்றியது. போய் என்ன செய்ய? என் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆண்டவரே, இவளுக்காக நான் எதுவுமே செய்ய முடியாதே என்று நின்றேன். இப்படி ஒரு நிமிஷம் எனக்கு வாழ்வில் வந்ததில்லை.

ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டது. எஞ்சின் பிடித்தது. வண்டி நடுங்கியது, அந்த நடுக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது, ஒரு விரல்கூடப் பின்னால் உருளவில்லை. பிறகு மேட்டில் ஏறிப் போனது.

இறங்கும்போது இன்ஸ்பெக்டர் அவளிடம், "ஆஃப் ஆனா என்னம்மா. நீங்களே எடுத்தீங்கல்ல, அதுதான் எனக்கு வேணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "சத்தத்தச் சரி பண்ணிட்டீங்க போல" என்றார்.

"பண்ணிட்டோம் சார்."

மைமூன் என் கையைப் பிடித்தாள். அவள் கை வேர்த்து நனைந்திருந்தது, என் கையும்தான். போன வாரத்துக் கோபம் அவளுக்கு முழுதாகப் போயிருக்காது. போகத் தேவையுமில்லை.

ஜூன் 26, வியாழன்

புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் நாளே சொல்லிவிட்டேன், என்னிடம் படித்தால் நடுரோட்டில் வண்டி ஆஃப் ஆகும், ஹாரன் அடிப்பார்கள், அழுகை வரும் என்று. ஒருத்தி யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். இன்னொருத்தி நாளைக்கு வருகிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்ட் முக்கில், அதே ரோட்டில், கேன் அடுக்கிய குட்டியானை ஒன்று எதிரே வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மைமூன். சந்தோஷத்தில் பால் பாத்திரத்தோடு கையைத் தூக்கி ஆட்டினேன், "மைமூனு!" என்று கத்தவும் செய்தேன்.

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. முன்னால் ஒரு ஆட்டோ திடீரென்று நின்றது. அவள் பிரேக் போட்டு, கியரைக் குறைத்து, ஒதுக்கி எடுத்து, அவன் பாட்டுக்கு நிற்கட்டும் என்று போய்விட்டாள். கண் ரோட்டில்தான் இருந்தது. வண்டி முக்கைத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகுதான் புரிந்தது, நான் அந்த வண்டியில் இல்லை.